முருங்கைக்கீரை: பச்சை இலைக் கணக்கும் பொடிக் கணக்கும்

நேயர்களுக்கு வணக்கம். முருங்கைப் பொடி விளம்பரங்களில் 'பாலைவிட 17 மடங்கு கால்சியம்' என்று பார்த்திருப்பீர்கள். அந்த 17 எங்கிருந்து வந்தது? 100 கிராம் காய்ந்த பொடியில் கால்சியம் சுமார் 2000 மில்லிகிராம், 100 கிராம் பாலில் 120. வகுத்தால் 17 வரும். வகுத்தல் சரிதான். ஆனால் 100 கிராம் பொடியை ஒரே வேளையில் யார் விழுங்குகிறார்கள்? தோசை மாவில் இரண்டு டீஸ்பூன், அதாவது 5 கிராம் கலந்தாலே பிள்ளைகள் முகத்தைச் சுளிப்பார்கள். அந்த 5 கிராமில் இருப்பது 100 மில்லிகிராம். 200 மில்லி பிடிக்கும் ஒரு தம்ளர் பாலில் 240. அரைத் தம்ளர் பாலுக்குக்கூட ஈடில்லை.

அதே விளம்பரத்தின் அடுத்த வரி 'ஆரஞ்சைவிட 7 மடங்கு வைட்டமின் சி' என்று இருக்கும். அது பச்சை இலையின் கணக்கு! காயும்போது வைட்டமின் சி பெரும்பாலும் போய்விடுகிறது. ஒரு வரிக்குக் காய்ந்த இலை, மறு வரிக்குப் பச்சை இலை. பச்சை இலையில் முக்கால் பங்கு தண்ணீர். கிலோ இலை காய்ந்தால் கால் கிலோதான் மிஞ்சும். சத்து செறிவாகுமே தவிர, புதிதாக எதுவும் முளைக்காது.

பச்சை இலையே போதிய வளம் உள்ளது. 100 கிராமில் புரதம் 6 கிராமுக்கு மேல், கால்சியம் மண்ணையும் ரகத்தையும் பொறுத்து 300 முதல் 440 மில்லிகிராம். துணியில் சுற்றி ராத்திரி முழுக்க வைத்தால் காலையில் இலை தானே உதிரும். உருவும் வேலை மிச்சம்தான், ஆனால் வாட வாட வைட்டமின் சி குறையும்.

இலையைக் கசக்கி முகர்ந்தால் ஒரு நெடி மூக்கில் ஏறும். அரைத்த கடுகின் நெடிக்கு அது உறவு. குளுக்கோசினோலேட் என்னும் கந்தகச் சேர்மமும், மைரோசினேஸ் என்னும் நொதியும் இலைக்குள் தனித்தனியாக இருக்கின்றன. இலை நசுங்கினால் இரண்டும் கலந்து ஐசோதயோசயனேட் உண்டாகிறது. அரைத்து வைத்தால் நெடி கூடுவது அதனால்தான். முழு இலையாகவே கொதிநீரில் போட்டால் சூட்டில் நொதி செயலிழந்துவிடும், நெடியும் அடங்கும். அந்த நீரை மட்டும் கொட்டாதீர்கள். வைட்டமின் சியும் ஃபோலேட் என்னும் பி வைட்டமினும் அதில்தான் இறங்கியிருக்கும், சாம்பாருக்கு எடுத்துக்கொள்ளுங்கள்.

பொரியலுக்கு எண்ணெயோ தேங்காயோ வேண்டும். கண்ணுக்கு நல்லது என்கிறோமே, அந்த பீட்டா கரோட்டின் கொழுப்பில்தான் கரையும். கீரையின் இரும்பை உடம்பு கொஞ்சமாகத்தான் எடுத்துக்கொள்ளும். அடுப்பை அணைத்த பிறகு எலுமிச்சை பிழிந்தால் கூடுதலாக எடுக்கும். சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் அதுவும் குறையும். ஒரு மணி நேரமாவது கழித்துக் குடியுங்கள்.

நேரம் முடிந்ததென்று கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள். பொடி செய்வதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்: இலையை நிழலில் மெல்லிசாகப் பரப்புங்கள், வெயில் பட்டால் கரோட்டின் சிதையும். கையில் நொறுங்கும்வரை காயட்டும், ஈரம் இருந்தால் பூசணம் பிடிக்கும். ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறவர்கள் கீரையின் அளவைத் திடீரென்று கூட்டவோ குறைக்கவோ வேண்டாம், ரத்தம் உறைய உதவும் வைட்டமின் கே இதில் உண்டு. மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். வணக்கம்.