ஒன்றரை மாச ஊசி: அன்னிக்கு ராத்திரி என்ன செய்யணும்?

[காட்சி: தொட்டில், மங்கலான விளக்கு, குழந்தையின் அழுகை]

புதன்கிழமை காலையில ஆரம்ப சுகாதார நிலையத்துல ஊசி போட்டுட்டு வந்தீங்க. சாயங்காலம் வரைக்கும் நல்லாத்தான் இருந்தா. ராத்திரி எட்டு மணிக்கு மேல உடம்பு அனலா கொதிக்குது, தொடையைத் தொட்டாலே வீல்னு கத்துறா. முதல் பிள்ளைன்னா வீடே பதறிப் போகும்.

இந்தக் காய்ச்சல் எங்கிருந்து வருது? ஒன்றரை மாசத்துல போடுற பென்டாவேலன்ட் ஊசி அஞ்சு நோயைத் தடுக்குது. அதுல ஒண்ணு கக்குவான் இருமல். அரசு போடுற ஊசியில அந்தக் கிருமியைக் கொன்னு, முழுசா சேர்த்திருப்பாங்க. உடம்பு அதை எதிரின்னு நினைச்சு சண்டைக்கு நிக்குது, அதான் சூடு. பெரும்பாலும் ரெண்டு நாள்ல அடங்கிடும்.

[காட்சி: பாராசிட்டமால் சொட்டு மருந்து, சிரப் – பக்கத்துல பக்கத்துல]

காய்ச்சலுக்கு மருந்து கொடுக்கும்போதுதான் கொஞ்சம் நிதானமா கவனிக்கணும். பாட்டில் ரெண்டும் பாராசிட்டமால்தான், ஆனா ஒண்ணு இல்ல. சொட்டு மருந்துல பொதுவா 1 மில்லியில 100 மில்லிகிராம். சிரப்ல 5 மில்லிக்கு 120 அல்லது 125. அதாவது சொட்டு மருந்து நாலு மடங்கு வீரியம். சிரப்னு நினைச்சு சொட்டு மருந்தை 2 மில்லி ஊத்திட்டா நாலு மடங்கு உள்ள போயிடும். ஒரு தடவைக்கு, குழந்தையோட எடையில கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம்தான் கணக்கு. 4 கிலோ குழந்தைக்கு சொட்டு மருந்துன்னா 0.4 முதல் 0.6 மில்லி, அவ்வளவுதான். ஆறு மணி நேரம் இடைவெளி விடுங்க, ஒரு நாளைக்கு நாலு தடவைக்கு மேல வேண்டாம். லேபிளைப் படிங்க, அளவை நர்ஸ்கிட்ட கேட்டு எழுதி வாங்கிக்கங்க. ஆஸ்பிரின் கூடவே கூடாது.

ஸ்வெட்டர், கம்பளி எதுவும் சுத்தாதீங்க, மெல்லிசா ஒரு பருத்திச் சட்டை போதும். தாய்ப்பால் அடிக்கடி கொடுங்க. தொடை வீங்கியிருந்தா பச்சைத் தண்ணியில நனைச்ச துணியை வைங்க. தைலம், மஞ்சள் பத்து, உருவி விடுறது எதுவும் வேண்டாம். பாட்டி பாசத்துலதான் சொல்றாங்க, ஆனா குழந்தைக்கு அது வலிதான். வீக்கம் வத்தின பிறகும் தோலுக்கடியில கோலிகுண்டு மாதிரி ஒரு கட்டி சில வாரம் தட்டுப்படலாம். தானா கரைஞ்சிடும்.

[காட்சி: இடது கை, பிசிஜி தழும்பு]

பிறந்தப்ப போட்ட பிசிஜி, அதாவது காசநோய் தடுப்பூசி, சில வாரம் கழிச்சு சின்னதா கொப்பளிச்சு, சீழ் வச்சு, பொருக்குத் தட்டி ஆறும். பிதுக்காதீங்க, களிம்பு பூசாதீங்க. 9 மாசம் முடிஞ்சு போடுற தட்டம்மை ஊசிக்கு, ஒரு வாரம் பத்து நாள் கழிச்சுத்தான் காய்ச்சலும் செந்தடிப்பும் வரலாம். அதுக்குள்ள ஊசி போட்டதே பலருக்கு மறந்து போயிருக்கும்.

[காட்சி: 108 ஆம்புலன்ஸ்]

எதுக்கெல்லாம் ஆஸ்பத்திரிக்கு ஓடணும்? வலிப்பு வந்தா, மூணு மணி நேரத்துக்கு மேல விடாம அழுதா, உடம்பு துவண்டு போனா, பால் குடிக்க மறுத்தா, ரெண்டு நாளாகியும் காய்ச்சல் விடலைன்னா. முகம் வீங்கி, உடம்பெல்லாம் தடிச்சு, மூச்சுத் திணறினா உடனே 108. அது வந்தா பெரும்பாலும் ஊசி போட்ட கொஞ்ச நேரத்துலயே வந்துடும், அதனாலதான் அரை மணி நேரம் உக்கார வைக்கிறாங்க. கூட்டமா இருக்குன்னு தயவுசெஞ்சு கிளம்பிடாதீங்க.

அடுத்த ஊசி ரெண்டரை மாசத்துல. போன தடவை என்ன ஆச்சுன்னு நர்ஸ் அக்காகிட்ட ஒண்ணு விடாம சொல்லுங்க. வெறும் காய்ச்சல்தான்னா தாராளமா போடலாம். வலிப்போ மூச்சுத் திணறலோ வந்திருந்தா, முதல்ல டாக்டரைப் பாருங்க.