ரெண்டு ஒயர்ல எத்தனை சென்சார் மாட்டலாம்

வணக்கம் நேயர்களே. ஆர்டுயினோன்னு சொல்ற குட்டி கன்ட்ரோலர் போர்டுல ஒரு சென்சார் மாட்டி ஓட்டிப் பாத்தவங்க அடுத்து கேக்குறது இதான், நாலஞ்சு மாட்டணும்னா போர்டுல ஒயர் மாட்டுற பின்னுங்க பத்துமா? பத்தும்ங்க, ஆர்டுயினோலயே ஊனோ ஆர்3ங்கிற போர்டுல ஏ4, ஏ5ன்னு ரெண்டு பின் இருக்கு, ஐ2சி (ரெண்டே ஒயர்ல பல சிப்புங்க பேசிக்கற முறை) சென்சார் எல்லாத்தையும் அந்த ரெண்டுலயே வரிசையா கோத்துடலாம். சிக்கல் வர்ற இடம் அட்ரஸ்.

ஒவ்வொரு சென்சாருக்கும் ஒரு அட்ரஸ் நம்பர் உண்டு, இப்போ எம்பியூ6050ங்கிற அசைவு சென்சார் ஒண்ணும் டிஎஸ்3231 கடிகார மாட்யூல் ஒண்ணும் சேத்து மாட்டுறீங்கன்னு வைங்க, ரெண்டுக்கும் ஹெக்ஸ்ல (16 அடிப்படை எண் முறை) 68தான், அப்புறம் கிளாஸ்ல ஒரே பேர்ல ரெண்டு பசங்க இருந்து அட்டெண்டன்ஸ் எடுத்த கதைதான், ரெண்டும் ஒண்ணா பதில் சொல்லி டேட்டா குழம்பிப் போகும். கடிகாரத்தோட அட்ரஸை மாத்த முடியாது. எம்பியூல ஏடி0ன்னு ஒரு பின் இருக்கு பாருங்க, அதை 3.3 வோல்ட்ல கட்டினா 69 ஆயிடும், தீந்துச்சு. மாத்தவே வழியில்லாத ஒரே மாதிரி சென்சார் நிறைய வேணும்னா டிசிஏ9548ஏன்னு ஒரு மல்டிபிளெக்ஸர், எட்டு சேனலா பிரிச்சுத் தரும். எதுக்கும் ஒவ்வொண்ணா மாட்டி எந்த அட்ரஸ்ல ஆள் இருக்குன்னு காட்டுற ஐ2சி ஸ்கேனர் ப்ரோக்ராமை ஓட்டிப் பாருங்க, மொத்தமா மாட்டிட்டு கோட்ல தப்பு தேடுறது வெட்டி வேலை, என் அபிப்ராயம்.

அப்புறம் புல்-அப் ரெசிஸ்டர், அதாவது சும்மா இருக்கும்போது ஐ2சி ஒயரை வோல்டேஜ் பக்கம் இழுத்து வைக்கிற ரெசிஸ்டர், இதை யாரும் கண்டுக்கறதே இல்ல. பல மாட்யூல்ல 4.7 கிலோ ஓம் வச்சே வரும், அந்த மாதிரி அஞ்சு மாட்டினா எல்லாம் பேரலல் ஆகி 940 ஓம், ஒயரை கீழ இறக்க சிப்பு 5 வோல்ட்ல அஞ்சு மில்லி ஆம்பியருக்கு மேல இழுக்கணும், சாதா ஐ2சி சிப்புக்கு கேரண்டி 3 மில்லி ஆம்பியர்தான். ரெண்டு மூணு மாட்யூல்ல அந்த ரெசிஸ்டரை எடுத்துடுங்க.

பவர் விஷயம் வேற. எம்கியூ-2 கேஸ் சென்சாரோட ஹீட்டருக்கு மட்டுமே 5 வோல்ட்ல 150 மில்லி ஆம்பியர் கிட்ட போகும், அதனால அந்த மாதிரி ரெண்டு மூணு இருந்தா தனி 5 வோல்ட் சப்ளை குடுங்க. குடுத்துட்டு அந்த சப்ளையோட கிரவுண்டையும் போர்டோட கிரவுண்டையும் ஒண்ணா சேருங்க, ரீடிங் கன்னாபின்னான்னு குதிக்குதுன்னா நான் முதல்ல தொட்டுப் பாக்குறது அந்த ஒயரைத்தான்.