கெண்டையின் வாய்க்கு ஏற்ற முள்

நேயர்களுக்கு வணக்கம்.

கார்த்திகை மாதத்தில் எங்கள் செட்டிநாட்டுப் பக்கம் பஸ்ஸில் வந்தால், சாலையோரக் கண்மாய்களில் கரைக்கு ஒரு முழம் கீழே தண்ணீர் நிற்பதைப் பார்க்கலாம். மடையடியில் இரண்டு மூன்று பையன்கள் மூங்கில் கம்போடு குந்தியிருப்பார்கள். அவர்களில் பாதிப் பேர் வெறுங்கையோடுதான் வீடு திரும்புகிறார்கள். மீன் இல்லாமல் இல்லை. தூண்டில் முள் பெரிதாக இருக்கிறது. இன்று நான் பேச வந்தது அதைப் பற்றித்தான்.

எனக்குப் பத்து வயது இருக்கும்போது, விராலுக்குப் போடும் பெரிய முள் ஒன்று கையில் கிடைத்தது. பெரிய முள்ளுக்குப் பெரிய மீன் வரும் என்று நம்பி, ஒரு முழு மண்புழுவைக் கோத்துக் காலையிலிருந்து உட்கார்ந்திருந்தேன். தக்கை ஆடிக்கொண்டே இருந்தது. இழுத்துப் பார்த்தால் ஒவ்வொரு முறையும் புழு மட்டும் காணாமல் போயிருக்கும். என் அம்மான் வந்து பார்த்தார். தம் கூடையிலிருந்து விரல் நீளக் கெண்டை ஒன்றை எடுத்து, அதன் வாயைச் சுண்டுவிரல் நகத்தால் திறந்து காட்டினார். "மாப்பிள்ளை, இந்த வாய்க்குள் உன் முள் நுழையுமா?" என்று கேட்டார். ஒரு மிளகுகூடச் சிரமப்பட்டுத்தான் நுழையும் வாய் அது.

கெண்டைக்குத் தாடையில் பல் கிடையாது. அரைக்கும் பற்கள் தொண்டைக்குள் இருக்கின்றன. அதனால் அது இரையைக் கடிப்பதில்லை; தண்ணீரோடு சேர்த்து உறிஞ்சும், உறுத்தினால் அதே வேகத்தில் துப்பிவிடும். பெரிய முள்ளில் தொங்கும் புழுவின் நுனியை மட்டும் உறிஞ்சி உறிஞ்சி இழுத்துத் தின்றுவிடும். தக்கை ஆடுவதும் முள் வெறுமையாக வருவதும் இதனால்தான்.

கடையில் முள் வாங்கும்போது எண் சொல்லிக் கேளுங்கள். இதில் எண் கூடக் கூட முள் சிறுக்கும். பதினாறு என்பது எட்டைவிடச் சிறியது. விரல் நீளக் கெண்டைக்கு 16 அல்லது 14 போதும், கம்பியும் மெல்லியதாக இருக்க வேண்டும். உள்ளங்கை அளவு ஜிலேபி மீனுக்கு 12 அல்லது 10. கெளுத்திக்கு 10 அல்லது 8, அதுவும் தண்டு நீண்ட முள்ளாக. கெளுத்தி இரையைத் தொண்டை வரை விழுங்கிவிடும். தண்டு நீளமாக இருந்தால்தான் வாய்க்கு வெளியே பிடித்துக் கழற்ற முடியும். அயிரை பிடிக்க என்ன முள் என்று சிலர் கேட்பார்கள். அயிரைக் குழம்புக்கு ஆசைப்படுபவர்கள் வலையைத்தான் தேட வேண்டும். அது தூண்டிலுக்கான மீன் இல்லை.

புதிய முள்ளையும் நம்பிவிடக் கூடாது. முனையைக் கட்டைவிரல் நகத்தின் மேல் மெல்ல இழுத்துப் பாருங்கள். வழுக்கிக்கொண்டு போனால் மொண்ணை. நகத்தில் பற்றி நின்றால் கூர்மையானது. மொண்ணையான முள்ளை உப்புத்தாளில் இரண்டு தேய்ப்புத் தேய்த்தால் சரியாகிவிடும். முள்ளைக் கட்டும் தூண்டில் நரம்பு 0.2 மில்லிமீட்டர் கனத்துக்கு மேல் வேண்டாம். முடிச்சை இறுக்கும் முன் எச்சிலால் நனைத்துக்கொள்ளுங்கள். உலர்ந்த நரம்பு உராய்ந்து சூடேறி, முடிச்சுப் போட்ட இடத்திலேயே அறுந்துபோகும்.

இரைக்கு வருகிறேன். கெண்டைக்குக் கோதுமை மாவுதான் என் முதல் தேர்வு. ஒரு பிடி மாவில் பொடித்த கடலைப் புண்ணாக்கு ஒரு சிட்டிகை சேர்த்து, தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விட்டுப் பிசைய வேண்டும். காது மடலைத் தொட்டுப் பாருங்கள். மாவு அந்தப் பதத்துக்கு வர வேண்டும். இளகினால் தண்ணீரில் கரையும், இறுகினால் மீன் துப்பும். என் அப்பத்தா விளக்குத் திரிக்கு வைத்திருந்த பஞ்சிலிருந்து ஓர் இழை பிய்த்து மாவோடு சேர்த்துப் பிசைந்து தருவார். அந்த இழை இருந்தால் மாவு முள்ளை விட்டுக் கழலாது. மிளகு அளவு உருட்டி, முனை மட்டும் மறையும்படி வைத்தால் போதும்.

மண்புழுவைக் கிணற்றடி வாழைக்குக் கீழே, பாத்திரம் கழுவும் தண்ணீர் போய்ச் சேரும் இடத்தில் தோண்டினால் கிடைக்கும். கெண்டைக்கு அரிசி நீளத் துண்டு. உளுவைக்கு அதைவிடச் சற்றுப் பெரிய துண்டைத் தரையில் படும்படி விட வேண்டும், அது மணலோடு மணலாகப் படுத்திருக்கும் மீன். கெளுத்திக்கு முழுப் புழுவையும் வால் நெளியும்படி விட்டுக் கோக்கலாம். கெளுத்தியின் மீசையிலேயே சுவை அறியும் மொட்டுகள் இருக்கின்றன. கலங்கிய புது வெள்ளத்திலும், பொழுது சாய்ந்த பிறகும் அது கண்ணை நம்பாமல் மீசையால் தடவியே இரையைக் கண்டுபிடிக்கிறது. அதனால் கெளுத்திக்கு நான் எப்போதும் நாள்பட்ட துண்டைப் போடாமல் புதுப் புழுவையே போடுகிறேன். புழுவின் சாறு தண்ணீரில் கசிய வேண்டும்.

தக்கைக்கு மயில் இறகின் தண்டுக்கு ஈடு எதுவும் இல்லை. எங்கள் பக்கம் பொட்டல் காட்டில் உதிர்ந்து கிடக்கும். நுனி மட்டும் தண்ணீருக்கு மேல் தெரியும்படி ஈயத்தைக் கடித்துவிடாமல் குறடால் நசுக்கிக் கட்டுங்கள். ஈயம் நஞ்சு, பிள்ளைகள் பல்லால் நசுக்குவதைப் பார்த்தால் எனக்குப் பதறுகிறது. கெண்டை தொட்டால் அந்த நுனி இரண்டு முறை நடுங்கும், பிறகு சாய்ந்து நழுவும். நழுவும்போது மணிக்கட்டை மட்டும் சுண்டுங்கள். கரையில் ஓடி விளையாடக் கூடாது என்று பெரியவர்கள் அதட்டுவதில் நியாயம் உண்டு. கெண்டைக்கும் கெளுத்திக்கும் காற்றுப்பையிலிருந்து உள்காது வரை சிறு எலும்புகள் கோத்திருக்கின்றன. நிலத்தின் அதிர்வு அவற்றுக்கு நன்றாகவே கேட்கும்.

கெளுத்தியைக் கழற்றும்போது எச்சரிக்கை தேவை. முதுகில் ஒன்றும் செவுளை ஒட்டி இருபுறமும் ஒவ்வொன்றுமாக மூன்று முட்கள் விறைத்து நிற்கும். குத்தினால் கை கடுக்கும். ஈரத் துணியால் பொத்திப் பிடியுங்கள்.

முள்ளின் முனைக்குப் பின்னால் எதிர்ப்புறமாக நீட்டியிருக்கும் சிறு முள்ளை நான் குறடால் அழுத்திவிடுகிறேன். நரம்பைத் தளரவிடாமல் இழுத்தால் மீன் தப்புவதில்லை. சினை வைத்ததும் குஞ்சும் வந்தால் வாய் கிழியாமல் கழற்றி, கையை நனைத்துக்கொண்டு தண்ணீரில் விட்டுவிடலாம். மாசி, பங்குனியில் கண்மாய் வற்றி மீன்பிடித் திருவிழா வரும்போது ஊருக்கே மீன் வேண்டும் அல்லவா? மீன்பாசி, அதாவது மீன் பிடிக்கும் உரிமை, குத்தகைக்குப் போன கண்மாயில் குத்தகைதாரரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். குடிதண்ணீர் ஊருணியில் தூண்டிலே போடாதீர்கள்.

கடைசியாக ஒன்று. கண்மாய்க்குள் நிற்கும் நாட்டுக் கருவேல மரங்களில் கொக்கும் நாரையும் அடைகின்றன. நம் சிவகங்கை மாவட்டத்தில்தான் வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயம் இருக்கிறது. அங்கே வரும் பறவைகள் கலையக் கூடாது என்று சுற்றுவட்டாரத்து மக்கள் தீபாவளிக்கும் வெடி வெடிப்பதில்லை. போன வருடம் எங்கள் ஊர்க் கண்மாயில், அறுந்த தூண்டில் நரம்பு காலில் சுற்றி ஒரு கொக்கு கிளையில் தலைகீழாகத் தொங்கியது. ஏறி இறக்கினோம், நரம்பு கால் எலும்பு வரை அறுத்திருந்தது. அன்றிலிருந்து நான் கண்மாய்க்குப் போகும்போது ஒரு காலித் தீப்பெட்டி கொண்டுபோகிறேன். அறுந்த நரம்பு, வளைந்த முள், கரையில் யாரோ விட்டுப்போன துண்டு எல்லாம் அதற்குள் போகும். நீங்களும் ஒரு தீப்பெட்டி எடுத்துக்கொள்ளுங்கள்.

வணக்கம்.