சுவைக்குச் சாட்சி நாக்கே

நடுவர் அவர்களே, இரு அணிப் பேச்சாளர்களே, சனிக்கிழமை மாலையை எங்களுக்காக ஒதுக்கி வந்திருக்கும் பே ஏரியாத் தமிழர்களே, எல்லோருக்கும் என் வணக்கம்.

'சுவைக்குச் சாட்சி நாக்கா, பெயரா?' இதுதான் இன்றைய தலைப்பு. நாக்கே என்று வாதாட வந்திருக்கிறேன். எனக்கு முன் பேசிய எதிரணி நண்பர் மூன்று விஷயங்களை வைத்துவிட்டுப் போயிருக்கிறார். பெயர் என்பது பல தலைமுறை உழைப்பு, காலம் ஆக ஆகத்தான் அதன் அருமை தெரியும், அதை ஒரு வாய் சுவைத்து அளக்க முடியாது என்றார். நாக்கு நிலையில்லாதது, காலையில் ஒன்று சொல்லும், மாலையில் ஒன்று சொல்லும் என்றார். கடைசியாக, பெயர் தெரிந்தால் சுவை கூடுகிறதே, அந்தச் சுகமும் உண்மைதானே என்று கேட்டார். அரங்கம் கைதட்டியது. நானும் தட்டினேன், ஏனென்றால் நல்ல கேள்விகள்.

பதில் சொல்ல நான் எடுத்துக்கொள்ளும் பொருள் ஒயின். பெரியவர்கள் முகம் சுளிக்க வேண்டாம். நான் குடியைப் பற்றிப் பேச வரவில்லை. ஒயினை மதிப்பிடுகிறவர்கள் ஒரு வாய் எடுத்து, நாக்கில் புரட்டி, பக்கத்தில் வைத்திருக்கும் கிண்ணத்தில் துப்பிவிடுவார்கள். பெயருக்கும் நாக்குக்கும் நடந்த வழக்கு இந்த ஒரு பொருளில் பதிவானதுபோல் வேறு எதிலும் பதிவாகவில்லை. அதுவும் நாம் குடியிருக்கும் இந்தக் கலிஃபோர்னியா மண்ணுக்கும் பிரான்சுக்கும் நடந்த வழக்கு.

முதலில் என் கதை. போன இலையுதிர் காலத்தில் ஃப்ரீமாண்டில் ஒரு நண்பர் வீட்டில் எட்டுப் பேர் கூடினோம். மேஜை மேல் ஆறு பாட்டில்கள். மூன்று உள்ளூர், மூன்று பிரான்சின் போர்டோ பகுதி. எல்லாம் கபெர்னே திராட்சையை முதன்மையாக வைத்துச் செய்த சிவப்பு ஒயின். ஒவ்வொன்றையும் கழுத்துவரை பழுப்புக் காகிதப் பையில் போட்டு, ரப்பர் பேண்டு கட்டி, மார்க்கரால் எண் எழுதியிருந்தார் நண்பர். கழுத்தைச் சுற்றியிருக்கும் உறையில் பெயர் இருக்கும் என்று அதை முழுசாகக் கிழித்து எடுத்துவிட்டார். தக்கையில் பெயர் அச்சிட்டிருப்பார்கள் என்று அதையும் சட்டைப் பையில் ஒளித்துக்கொண்டார். எங்களுக்கு ஆளுக்கு ஒரு தாள், ஒரு பென்சில். இருபதுக்கு மதிப்பெண் போட வேண்டும். பேசக் கூடாது.

அந்த முக்கால் மணி நேரத்தை என்னால் மறக்க முடியாது. பெயர் இல்லாமல் போனதும் மூக்கு விழித்துக்கொள்கிறது. இரண்டாம் எண்ணில் அப்போதுதான் நறுக்கிய குடைமிளகாய் வாசம். மூன்றில் பென்சில் சீவிய வாசம், கையிலிருந்த பென்சிலையே ஒருமுறை மோந்து பார்த்துக்கொண்டேன். ஐந்தாவதை வாயில் வைத்தபோது நாவல்பழம் தின்ற பிறகு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டுமே, அந்தத் துவர்ப்பு. உடனே புளிப்பு வந்து அதை இளக்கியது. துப்பிய பிறகும் நெடுநேரம் வாயில் வாசம் நின்றது. நமக்கு அறுசுவையில் ஒன்றாகவே துவர்ப்பு இருக்கிறது. சின்ன வயதிலிருந்து வாழைப்பூவும் கடுக்காயும் தின்று பழகிய நாக்கு, சிவப்பு ஒயினை மதிப்பிடத் தயாராகவே வளர்ந்த நாக்கு.

ஐந்தாம் எண்ணுக்கு 17 போட்டேன். நான்காம் எண்ணுக்கு 12. பைகளைக் கழற்றினார் நண்பர். ஐந்து, சாண்டா குரூஸ் மலையில் ஒரு சின்னத் தோட்டத்து ஒயின். நான் கேள்விப்பட்டதே இல்லை. நான்கு, போர்டோவில் பெரிய பெயர். நடுவர் அவர்களே, அதே நான்காம் எண், அதே ஆண்டு அறுவடை, இரண்டு மாதம் முன்னால் ஒரு விருந்தில் எனக்கு ஊற்றப்பட்டது. அன்றைக்கு லேபிளைப் பார்த்துவிட்டு, இதுவல்லவா ஒயின் என்று நான் மனதாரச் சொன்னேன். பொய் சொல்லவில்லை. அன்று எனக்கு அப்படித்தான் தோன்றியது. அந்த இரவு வீட்டுக்கு வந்து எனக்குத் தூக்கம் வரவில்லை. இத்தனை வருஷமாக என் வாய்க்குள் இருந்து தீர்ப்புச் சொன்னது யார் என்ற கேள்வி என்னைப் பிடித்துக்கொண்டது.

இதே கேள்வி ஐம்பது ஆண்டுகளுக்கு முன் ஒன்பது பெரிய மனிதர்களைப் பிடித்திருக்கிறது. 1976 மே 24, பாரிஸ், இண்டர்காண்டினென்டல் ஹோட்டல். ஸ்டீவன் ஸ்பரியர் என்ற ஆங்கிலேயர் பாரிசில் ஒயின் கடை வைத்திருந்தவர். அமெரிக்க விடுதலையின் 200-வது ஆண்டை ஒட்டி, அவரும் உடன் பணியாற்றிய பாட்ரீசியா காலகரும் கலிஃபோர்னிய ஒயின்களைப் பிரெஞ்சு ஒயின்களோடு சேர்த்துப் பெயர் மறைத்து வைத்தார்கள். வெள்ளையில் பத்து, சிவப்பில் பத்து. இரண்டிலும் ஆறு கலிஃபோர்னியா, நான்கு பிரான்ஸ். கணக்கில் எடுத்துக்கொண்டது பிரெஞ்சு நடுவர்கள் ஒன்பது பேரின் மதிப்பெண்களை மட்டும். சாதாரண ஆட்கள் இல்லை. பிரான்சின் பெயர்பெற்ற ரோமானே-கோன்ட்டி திராட்சைத் தோட்டத்தின் ஒபேர் த வில்லேன், புகழ்பெற்ற சமையல் வல்லுநர் ரேமோன் ஒலிவியே, பிரான்சின் முக்கிய ஒயின் இதழின் ஆசிரியர் ஒதெத் கான், இப்படி அந்த நாட்டின் தேர்ந்த நாக்குகள்.

பத்திரிகையாளர்களில் வந்தவர் ஒரே ஒருவர், டைம் இதழின் ஜார்ஜ் டேபர். பிரான்ஸ்தான் ஜெயிக்கும், இதில் என்ன செய்தி இருக்கிறது என்று மற்றவர்கள் வரவில்லை. அவர் மட்டும் வந்ததால்தான் நமக்கு அந்த அறைக்குள் நடந்தது தெரிகிறது. கலிஃபோர்னியாவின் நாபாப் பள்ளத்தாக்கில் செய்த ஷார்டொனே என்ற வெள்ளை ஒயின் ஒன்றை வாயில் வைத்துவிட்டு, ஆகா, பிரான்சுக்குத் திரும்பிவிட்டோம் என்று மகிழ்ந்தார் ஒலிவியே. இன்னொரு நடுவர் ஒரு கோப்பையைச் சுவைத்துவிட்டு, இது நிச்சயம் கலிஃபோர்னியா, வாசமே இல்லை என்றார். அவர் கையில் இருந்தது பிரான்சின் பர்கண்டி பகுதியின் உயர்ந்த ஒயின்களில் ஒன்றான பதார்-மோன்ராஷே.

முடிவு? வெள்ளையில் முதலிடம் கலிஃபோர்னியாவின் ஷாட்டோ மான்டெலினா, 1973 அறுவடை, 132 புள்ளி. செய்தவர் மைக் கிர்கிச், யூகோஸ்லாவியாவிலிருந்து கிளம்பி 1958-ல் நாபாவுக்கு வந்து சேர்ந்த ஒரு குரோவாசியர். நம்மைப்போல் ஊர் விட்டு வந்தவர். சிவப்பில் முதலிடமும் கலிஃபோர்னியாவுக்கே, ஸ்டாக்ஸ் லீப் 1973, 127.5 புள்ளி. அடுத்தது போர்டோவின் முத்தோன் ரோத்ஷில்ட் 1970, 126 புள்ளி. முடிவை அறிவித்ததும் ஒதெத் கான் அம்மையார் தன் மதிப்பெண் தாளைத் திருப்பித் தரச் சொல்லிக் கேட்டார்.

எதிரணியில் யாராவது எழுந்து, வித்தியாசம் வெறும் ஒன்றரைப் புள்ளிதானே, இதெல்லாம் ஒரு வெற்றியா என்று கேட்கலாம். கேளுங்கள், ஒத்துக்கொள்கிறேன். நான் வெற்றியைப் பற்றிப் பேசவே இல்லை. அந்த ஒன்பது பேரில் ஒருவருக்கும் உயர்வு எந்த ஊர், தாழ்வு எந்த ஊர் என்பதில் அந்த அறைக்குள் நுழையும்வரை சந்தேகம் இருந்திருக்காது. அறைக்குள் நாக்கைக் கேட்டபோது அந்த வேலி எங்கேயும் காணவில்லை. எனக்கு அது போதும்.

சரி, கேள்விகளுக்கு வருகிறேன். பெயர் தெரிந்தால் சுகம் கூடுகிறதே என்றார் நண்பர். கூடுகிறது. இங்கேயே, கால்டெக், ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகங்களில் இருந்த ஆய்வாளர்கள் அதைச் சோதித்து 2008-ல் வெளியிட்டார்கள். இருபது பேரை ஸ்கேன் இயந்திரத்துக்குள் படுக்கவைத்து, குழாய் வழியாக ஒயின் கொடுத்தார்கள். ஒரே ஒயினை 10 டாலர் என்று ஒருமுறை, 90 டாலர் என்று ஒருமுறை. 90 என்றபோது அதிகம் பிடித்திருந்தது. மூளையில் இன்பத்தை உணரும் பகுதியும் கூடுதலாக வேலை செய்தது. ஆக, அந்தச் சுகம் நடிப்பு இல்லை. ஆனால் அது யாருடைய சுகம்? கோப்பைக்குள் இருந்தது அதே ஒயின். கூடிய சுகம் எண்ணிலிருந்து வந்தது. விலை சொல்லாமல் கொடுத்தபோது அந்த வித்தியாசம் இல்லாமல் போயிற்று. 90 என்ற எண்ணுக்குச் சுகம் கூடுகிறதென்றால், 10 என்று எழுதிய பாட்டிலுக்கு அது குறைகிறது என்றுதானே பொருள்? அந்தக் குறைவை அனுபவிப்பது யார்? பெயர் இல்லாதவன்.

இந்த இடத்தில்தான் எனக்கு இது ஒயின் விவகாரமாக இல்லாமல் போகிறது. நான் படித்தது விளாத்திகுளம் பக்கத்தில் ஓர் அரசுப் பள்ளி. நான் பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வு எழுதிய காலத்தில் விடைத்தாள் திருத்தப் போகும் முன் பதிவெண் இருக்கும் பகுதியைப் பிரித்துவிட்டு, டம்மி நம்பர் போட்டு அனுப்புவார்கள். இங்கே உட்கார்ந்திருக்கும் பலருக்கு அது தெரியும். என் இயற்பியல் தாளைத் திருத்தியவருக்கு நான் எந்தப் பள்ளி, எந்த ஊர், அப்பா என்ன வேலை, எதுவும் தெரியாது. தாளில் இருந்ததைப் படித்தார், இருநூறுக்கு 194 போட்டார். அப்புறம் சில வருஷம் கழித்து ஒரு கம்பெனி நேர்காணலில் ஊர் பெயரைக் கேட்டுவிட்டு அடுத்த கேள்வியே கேட்காமல் என்னை அனுப்பினார்கள். பழுப்புக் காகிதப் பைக்கு என்ன மதிப்பு என்று எனக்குத் தெரியும், நடுவர் அவர்களே.

அடுத்தது, நாக்கு நிலையில்லாதது என்ற வாதம். இதற்கு ஆதாரமும் இருக்கிறது, நானே எடுத்துத் தருகிறேன். ராபர்ட் ஹாட்ஜ்சன் என்ற ஓய்வுபெற்ற பேராசிரியர், தானே ஒயின் செய்கிறவர், கலிஃபோர்னியா மாநிலக் கண்காட்சிப் போட்டியில் 2005 முதல் ஒரு சோதனை நடத்தினார். ஒரே பாட்டிலிலிருந்து மூன்று கோப்பை ஊற்றி, மற்ற ஒயின்களுக்கு நடுவே நடுவர்களுக்கு வைத்தார். மூன்றுக்கும் ஏறத்தாழ ஒரே தரம் கொடுத்தவர் பத்தில் ஒருவர்தான். ஆமாம், நாக்கு தடுமாறும். ஆனால் தடுமாறுகிறது என்பதை நாம் கண்டுபிடித்தது எப்படி? பெயரை மறைத்துத்தான். லேபிள் தெரிந்திருந்தால் மூன்று கோப்பைக்கும் ஒரே மதிப்பெண் விழுந்திருக்கும், தப்பும் தெரிந்திருக்காது. தடுமாறுகிற சாட்சியை மறுபடி கூப்பிட்டு விசாரிக்கலாம். ஒன்பது பேரைக் கேட்டுச் சராசரி எடுக்கலாம். எழுதி வைத்ததையே திருப்பிச் சொல்லும் சாட்சியை எத்தனை முறை விசாரித்து என்ன பயன்?

இன்னும் ஒன்று. போர்டோவில் ஒயின் படிப்புப் படித்த மாணவர்கள் 54 பேருக்கு, வெள்ளை ஒயினில் சுவையில்லாத சிவப்புச் சாயம் கலந்து கொடுத்தார்கள். அவர்கள் சிவப்பு ஒயினுக்குரிய சொற்களை வைத்து அதை வர்ணித்தார்கள். 2001-ல் வெளியான ஆய்வு. அங்கே நாக்கைக் கெடுத்தது கண். அதனால்தான் என் நண்பர் தக்கையைக்கூடச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

கடைசியாக, தலைமுறை. முத்தோன் தோட்டம் ரோத்ஷில்ட் குடும்பத்துக்கு வந்தது 1853-ல். பாரிசில் அதைத் தாண்டிய ஸ்டாக்ஸ் லீப் திராட்சைக் கொடிகள் நடப்பட்டது 1970-ல். மூன்றே வயதுக் கொடியின் பழம்! நட்டவர் வாரன் வினியார்ஸ்கி, சிகாகோ பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்திக்கொண்டிருந்தவர். போர்டோவின் தரவரிசை எப்படி வந்தது தெரியுமா? 1855-ல் பாரிஸ் கண்காட்சிக்காகத் தரகர்கள், எந்த ஒயின் என்ன விலைக்குப் போகிறது என்று பார்த்துப் போட்ட பட்டியல். அதற்காக யாரும் பைகளைக் கட்டிவைத்துச் சுவைத்துப் பார்க்கவில்லை. இன்றுவரை அந்தப் பட்டியலில் இரண்டாம் தரத்திலிருந்து முதல் தரத்துக்கு ஏறியது முத்தோன் ஒன்றுதான், அதுவும் 1973-ல். ஒரே ஒரு முறை!

காலம் ஆக ஆகத்தான் அருமை தெரியும் என்றாரே நண்பர், பாரிஸ் முடிவுக்குப் பிறகு அங்கேயும் அதைத்தான் சொன்னார்கள். கலிஃபோர்னியா இளமையில் மினுக்கும், முப்பது வருஷம் போகட்டும், பிரான்ஸ் பேசும் என்றார்கள். முப்பது வருஷம் போயிற்று. 2006 மே 24, அதே பத்துச் சிவப்பு ஒயின்கள், அதே அறுவடைகள். லண்டனில் ஒரு நடுவர் குழு, நாபாவில் ஒரு குழு. இரண்டு குழுவும் ஒரே ஒயினுக்கு முதலிடம் கொடுத்தன. ரிட்ஜ் மான்டி பெல்லோ 1971. பாரிசில் ஐந்தாவதாக வந்தது. மொத்தக் கணக்கில் முதல் ஐந்து இடமும் கலிஃபோர்னியாவுக்கே.

அந்த மான்டி பெல்லோ எங்கே இருக்கிறது தெரியுமா? நாபாவில் இல்லை. நம் குப்பர்டினோவுக்கு மேலே. ஸ்டான்ஃபோர்ட் ஆராய்ச்சி நிலையத்து விஞ்ஞானிகள் சிலர் 1959-ல் வாங்கிய மலைத்தோட்டம். பிள்ளைகளைப் பள்ளியில் விட்டுவிட்டு, வேலைக்குப் போகிற அவசரத்தில் காரைத் திருப்பும்போது மேற்கே ஒரு நீண்ட மலைமுகடு தெரியுமே, அதுதான். பதினாறு வருஷமாக நான் அதைத் தினமும் பார்த்திருக்கிறேன். மேலே திராட்சை இருப்பது எனக்குத் தெரியாது. போன மாதம்தான் அந்த வளைந்த சாலையில் ஏறிப் போய், வேலியோரம் நின்று, கொடியில் துளிர் விட்டிருப்பதைப் பார்த்துவிட்டு வந்தேன்.

தீர்ப்பு எழுதும்போது நாக்கின் பக்கம் நில்லுங்கள் என்று நடுவரைக் கேட்டுக்கொண்டு அமர்கிறேன். நன்றி, வணக்கம்.