தாமதமாக வரும் குரலால் யாருக்குப் பயன்?

அவையோருக்கு வணக்கம்.

இணையத்தில் தரவை அனுப்பும் இரண்டு நெறிமுறைகள், அதாவது விதித்தொகுப்புகள், டிசிபியும் யுடிபியும். டிசிபி நம்பகமானது, யுடிபி வேகமானது என்று பாடப்புத்தகங்கள் ஒரே வரியில் முடித்துவிடுகின்றன. எனக்கு அதில் உடன்பாடில்லை. தாமதமாக வரும் தரவால் பயன் உண்டா என்றுதான் முதலில் கேட்கவேண்டும்.

1970களில் வலையமைப்பு வழியே குரலை அனுப்பிப் பார்த்தவர்களுள் கணினி அறிஞர் டேனி கோஹன் ஒருவர். தரவு சிறு சிறு பொட்டலங்களாகப் பயணிக்கும். தொலைந்த பொட்டலத்தை மீண்டும் வரவழைத்து, வரிசைப்படுத்திய பிறகே டிசிபி மேலே உள்ள செயலிக்குக் கொடுக்கும். பேச்சில் ஓர் அசை விழுந்தால் காது பொறுத்துக்கொள்ளும்; அந்த அசைக்காகப் பேச்சே நின்றால் பொறுக்காது. பொட்டலம் கடத்தும் வேலையைத் தனியே பிரியுங்கள் என்று அவர் வாதாடினார். 1978இல் அந்த வேலை ஐபி என்ற தனி நெறிமுறையாக டிசிபியிலிருந்து பிரிந்தது. தொலைந்ததற்காகக் காத்திராமல் வந்ததை அப்படியே கொடுக்கும் யுடிபியை 1980இல் கணினி அறிஞர் ஜான் போஸ்டல் 3 பக்கங்களில் எழுதினார். தரவின் முன்னே அது ஒட்டும் குறிப்பான தலைப்பகுதி 8 பைட். டிசிபிக்குக் குறைந்தது 20.

கோப்புக்கும் வங்கிக் கணக்குக்கும் ஒரு பைட்கூடக் குறையக்கூடாது. அங்கே டிசிபியே சரி.

ஆனால் டிசிபியை மந்தமானது என்று பழிப்பவர்கள் 1986 அக்டோபரை நினைத்துப் பார்க்கவேண்டும். கலிபோர்னியாவில் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்துக்கும் பெர்க்லி பல்கலைக்கழகத்துக்கும் இடையே 400 கெஜம்தான் தூரம். அங்கே நொடிக்கு 32,000 பிட் ஓடிய இணைப்பு 40 பிட்டுக்குச் சரிந்தது. பதில் வராத கணினிகள் அனுப்பியதையே திரும்பத் திரும்ப அனுப்பி, நெரிசலை மேலும் பெருக்கின. வான் ஜேக்கப்சன், மைக் கேரல்ஸ் என்ற ஆய்வாளர்கள் இருவர் டிசிபிக்கு மருந்து கண்டார்கள்: மெதுவாகத் தொடங்கு, வழி இருந்தால் கூட்டு, இழப்பு தெரிந்ததும் வெகுவாகக் குறை. முன்பின் அறியாத கோடிக்கணக்கான கணினிகள் ஒரே கம்பியைப் பகிர்ந்து வாழ்வது இந்த அடக்கத்தால்தான். இதைக் குறை என்பது பெரும் அநியாயம்!

யுடிபியிடம் இந்த அடக்கம் இல்லை. அதைப் பயன்படுத்துபவரே அந்தப் பொறுப்பைச் சுமக்கவேண்டும்.

கூகுளில் பிறந்த குவிக் நெறிமுறை இதை நன்றாக உணர்ந்தது. டிசிபியில் ஒரு பொட்டலம் தொலைந்தால், பின்னால் வந்த படங்களும் எழுத்தும் சேர்ந்து காத்திருக்கும். குவிக்கில் தரவு தனித்தனி ஓடைகளாக ஓடுவதால், அந்தப் பொட்டலத்துக்குரிய ஓடை மட்டும் நிற்கும். வழியிலுள்ள கருவிகள் பல, டிசிபி, யுடிபி தவிர வேறெதையும் விடுவதில்லை என்பதால் அது யுடிபியின் மேல் ஏறிப் பயணிக்கிறது. ஆனால் மறுஅனுப்பல், வரிசை ஆகிய கடமைகளில் ஒன்றையும் கைவிடவில்லை. 2021 மே மாதம் வெளியான குவிக் தர ஆவணங்களில் ஆர்எஃப்சி 9002 முழுவதும், இழப்பைக் கண்டறிவதையும் நெரிசலைக் கட்டுப்படுத்துவதையும் பற்றியே பேசுகிறது.