நேர்கோட்டில் ஓடும் வட்டம்

அன்பார்ந்த நேயர்களுக்கு வணக்கம்.

அட்டமியன்று தெரியும் அரைநிலவையும் பௌர்ணமி நிலவையும் மனத்தில் அருகருகே வைத்துப் பாருங்கள். வட்டத்தின் அளவில் வேறுபாடு ஏதும் நம் கண்ணுக்குப் புலப்படுவதில்லை. ஆனால், கி.பி. 2ஆம் நூற்றாண்டில் எகிப்தின் அலெக்சாந்திரியாவில் வாழ்ந்த வானியல் அறிஞர் தாலமி வகுத்த கணக்கின்படி, அரைநிலவு நாள்கள் சிலவற்றில் சந்திரன் தன் தொலைவில் ஏறத்தாழப் பாதிக்கு நெருங்கி வந்து, இருமடங்கு பெரிதாகத் தெரிந்தாக வேண்டும். சந்திரன் வானில் நிற்கும் திசையை நன்றாகவே சொன்ன அந்தக் கணக்கு, தொலைவில்தான் இப்படித் தவறியது.

அதைவிட ஆழமான குறை ஒன்றும் இருந்தது. தாலமியின் கோள்கள் ஒரு புள்ளியை மையமாகக் கொண்ட வட்டத்தில் செல்லும். ஆனால் அவற்றின் வேகம் சீராக இருப்பதோ வேறொரு புள்ளியிலிருந்து அளக்கும்போது மட்டுமே. வானில் உண்மையான கோளங்கள் சுழல்கின்றன என்று கொண்டால், தன் மையத்தைப் பொறுத்துச் சீராகச் சுழலாத கோளம் எப்படி இருக்க முடியும்? 11ஆம் நூற்றாண்டில் அறிவியல் அறிஞர் இப்னு அல் ஹைதம் இத்தகைய ஐயங்களைத் திரட்டித் தனி நூலே எழுதினார். கணக்கு பலித்தால் போதும் என்று அமைந்துவிடாத அந்தப் பிடிவாதத்தை நான் பெரிதும் மதிக்கிறேன்.

விடை தேடியவர்களுள் தலையாயவர் நசீருத்தீன் தூசி. இன்றைய ஈரானின் வடமேற்கிலுள்ள மராகாவில், மங்கோலிய அரசர் ஹுலாகு கானின் ஆதரவுடன் 1259இல் தொடங்கிய வானாய்வுக் கூடத்தின் தலைவர் அவர். அவருடைய உத்தியை வீட்டிலேயே செய்து பார்க்கலாம். கெட்டி அட்டையில் 20 செ.மீ. விட்டமுள்ள துளையை வெட்டி, அதனுள் 10 செ.மீ. விட்டமுள்ள வட்டத் தட்டை வழுக்காமல் உருட்டுங்கள். தட்டின் விளிம்பில் வைத்த மைப்புள்ளி வளைந்து செல்லாது. துளையின் விட்டத்தின் மீதே நேர்கோட்டில் போய்த் திரும்பும். தட்டு துளைக்குள் சுற்றி வருவது ஒரு சுழற்சி, தன்னைத்தானே எதிர்த்திசையில் சுற்றிக்கொள்வது மற்றொன்று. ஒரு சுழற்சி புள்ளியை எவ்வளவு இடப்பக்கம் தள்ளுகிறதோ, அவ்வளவே மற்றது வலப்பக்கம் தள்ளிவிடுகிறது. சீரான வட்டச் சுழற்சிகளை மட்டும் கொண்டே ஒரு கோளை மையத்தை நோக்கி இழுக்கவும் விலக்கவும் இதனால் வழி பிறந்தது.

டமாஸ்கஸ் உமையாப் பள்ளிவாசலில் தொழுகை நேரம் கணித்துவந்த இப்னு ஷாதிர், 14ஆம் நூற்றாண்டில் வேறு வழியில் சந்திரனின் சிக்கலைத் தீர்த்தார். பூமியையே மையமாகக் கொண்ட பெருவட்டத்தின் மேல் ஒரு சிறுவட்டம், அதன் மேல் இன்னொரு சிறுவட்டம், அவ்வளவே. சந்திரனின் தொலைவு கண்ணுக்குப் பொருந்தும் அளவுக்குள் அடங்கிவிட்டது. 1543இல் வெளிவந்த கோப்பர்நிக்கஸின் நூலில், சந்திரனுக்கு அமைந்திருப்பதும் இதே இரு சிறுவட்ட அமைப்புதான். தூசியின் இரட்டை வட்டமும் அந்நூலில் இடம்பெற்றிருக்கிறது.