வெல்லம் கரையும், தளம் ஏன் கரையவில்லை?

வணக்கம். கடலூர் மாவட்டத்தில் உள்ள எங்கள் வீட்டு மொட்டை மாடியிலிருந்து பேசுகிறேன். எனக்குப் பின்னால் மூன்று சதுரங்கள் தெரிகின்றன. சாணி உருண்டையால் சிறிய வரப்புக் கட்டி ஒவ்வொன்றிலும் நீர் தேக்கிப் பார்த்து, பிறகு வடித்துவிட்டேன். மாடியில் ஓதம் இறங்குவதைத் தடுக்கத் தாவரப் பொருட்களால் முடியுமா என்று பார்ப்பதற்காகக் கடந்த கோடையில் நானே பூசிய சதுரங்கள் இவை.

இந்த முயற்சியைத் தொடங்கியபோது எனக்கு ஒரு கேள்வி இருந்தது. நம் ஊர்ப் பழைய வீடுகளில், தேக்குக் கட்டைகளின் மேல் சிறு செங்கற்களை மூலைவாட்டமாக நிறுத்திக் கட்டிய மெட்ராஸ் டெரஸ் தளத்தின் மீது, செங்கல் ஜல்லியும் நீற்றிய சுண்ணாம்பும் கலந்து ஏறத்தாழ மூன்று அங்குலம் கொட்டி, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரைத் தெளித்துத் தெளித்து, வரிசையாக அமர்ந்து மரக்கட்டையால் நாள் கணக்கில் அடிப்பார்கள். கட்டை உள்ளே இறங்காமல் துள்ளி எழும்வரை அடிக்க வேண்டும் என்பது கொத்தனார்கள் சொல்லும் கணக்கு. அதன் மேல் தட்டோடு, அதாவது தட்டையான சுட்ட மண் ஓடு, பதிப்பார்கள். வெல்லமோ ஒரு குவளை நீரில் கரைந்து போகும் பொருள். அதைக் கலந்த தளம் ஐப்பசி, கார்த்திகை மழையை எப்படித் தாங்கியது?

சுண்ணாம்பு தூய நீரில் மிகக் குறைவாகவே கரையும். ஒரு லிட்டருக்கு இரண்டு கிராம்கூடத் தேறாது. அதே நீரில் சர்க்கரை இருந்தால் சுண்ணாம்பு அதனோடு சேர்ந்து பல மடங்கு அதிகமாகக் கரைகிறது. அப்படிக் கரைந்த சுண்ணாம்பு ஜல்லியின் நுண்துளைகளுக்குள் புகுந்து, பிறகு காற்றிலுள்ள கரியமில வாயுவை மெல்ல ஏற்று, கல்லாக மாறுகிறது. கடுக்காயில் நிறைந்திருக்கும் துவர்ப்புப் பொருளான டானின் சுண்ணாம்போடு வினைபுரிந்து கரையாத உப்புகளைத் தருகிறது. செங்கல் தூளான சுர்க்கியும் சுண்ணாம்பைப் பிடித்துக்கொண்டு ஈரத்திலும் இறுகுகிறது. ஆக, தெளித்த வெல்லம் வெல்லமாகவே அங்கே காத்திருந்து மழையைத் தடுப்பதில்லை. சுண்ணாம்பைத் துளைகளுக்குள் கொண்டு சேர்ப்பதே அதன் வேலை. இதைப் புரிந்துகொண்ட பிறகு, எந்தத் தாவரப் பூச்சைப் பற்றிக் கேள்விப்பட்டாலும் ‘இது இறுதியில் என்னவாக மாறுகிறது?’ என்பதையே நான் முதலில் கேட்கிறேன்.

இதைப் புரிந்துகொள்வதற்கு முன்பு நான் செய்த தவறையும் சொல்லியாக வேண்டும். சுண்ணாம்பு வாங்க அலைவானேன் என்று நினைத்து, கடுக்காய் வெல்ல நீரைச் சிமென்ட் கலவையில் ஊற்றிப் பூசினேன். மறுநாள் காலையில் விரலை வைத்தால் பூச்சு களிமண்ணைப் போல அமுங்கியது. சிமென்ட் இறுகத் தொடங்கும் வினையைச் சர்க்கரை தடுத்துவிடும். அதன் எடையில் ஆயிரத்தில் ஒரு பங்கு சர்க்கரையே இறுகும் நேரத்தை வெகுவாகத் தள்ளிப்போடப் போதுமானது. சுண்ணாம்புக்கு நண்பனாக இருக்கும் அதே வெல்லம் சிமென்ட்டுக்கு எதிரி. சமூக ஊடகங்களில் ‘பாரம்பரிய முறை’ என்ற பெயரில் சிமென்ட்டோடு வெல்லம் கலக்கச் சொல்லும் காணொளிகளைப் பார்த்தால் தயவுசெய்து நம்பிவிடாதீர்கள். அந்தப் பூச்சைச் சுரண்டி எடுக்க எனக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் ஆனது.

இப்போது முதல் சதுரத்தைப் பாருங்கள். இளஞ்சிவப்பாக இருப்பது சுண்ணாம்பு, சுர்க்கி, கடுக்காய் வெல்ல நீர் மட்டும் சேர்ந்தது. இதன் மேல் ஒரு சொட்டு நீர் விடுகிறேன். சொட்டு பரவி உள்ளே இறங்குகிறது. பழைய தளங்களும் ஓரளவு நீரைக் குடித்து, மழை ஓய்ந்ததும் காற்றில் விட்டுவிடும் தன்மை கொண்டவையே. வாட்டம் சரியாக இருந்து நீர் தேங்காமல் ஓடினால் இது போதும், தேங்கினால் போதாது.

இரண்டாவது, வெள்ளைச் சதுரம். சுண்ணாம்புக் காரையில் மிகச் சிறிய அளவு ஆளி விதை எண்ணெய் சேர்த்து அரைத்தேன். இங்கே சொட்டு முத்தாக நிற்கிறது, விரலால் தள்ளினால் உருண்டு ஓடுகிறது. இதன் வேதியியலை நீங்கள் வீட்டிலேயே பார்த்திருப்பீர்கள். போர்வெல் நீரில் சோப்பு நுரைக்காமல் வாளியின் ஓரத்தில் வெள்ளையாகப் படிகிறதே, அது கால்சியம் சோப்பு. எண்ணெயும் சுண்ணாம்பும் சேரும்போது காரையின் துளைச் சுவர்களில் அதே பொருள்தான் உருவாகிறது. அது நீரில் கரையாது, நீரை ஒட்டவும் விடாது. மொரோக்கோ நாட்டில் குளியலறைச் சுவர்களுக்கும் தொட்டிகளுக்கும் பூசும் தடெலாக்ட் என்ற சுண்ணாம்புப் பூச்சில், ஆலிவ் எண்ணெய்ச் சோப்பைத் தேய்த்துக் கூழாங்கல்லால் மெருகேற்றுவதும் இதற்காகவே. எண்ணெய் அதிகமானால் காரை இறுகாமல் வலுவிழந்துவிடும் என்பதால் தாராளம் காட்டக் கூடாது. இன்னொரு எச்சரிக்கையும் உண்டு: ஆளி விதை எண்ணெய் காற்றை ஏற்று உலரும்போது சூடு எழும். எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் எறிந்தால் அது தானாகவே தீப்பற்றக்கூடும். விரித்து உலர்த்துங்கள் அல்லது நீரில் ஊறப்போடுங்கள்.

மூன்றாவது சதுரம், தேன் நிறத்தில் மின்னுவது, எங்கள் மாவட்டத்துச் சரக்கோடு தொடர்புள்ளது. பண்ருட்டிப் பக்கம் முந்திரிக்கொட்டையை உடைக்கும் பெண்கள் கையில் சாம்பலோ விளக்கெண்ணெயோ பூசிக்கொள்வதற்குக் காரணம், ஓட்டுக்குள் இருக்கும் எண்ணெய் தோலைப் பொசுக்கிவிடும். ஓட்டின் எடையில் கால் பங்குக்கு மேல் இந்த எண்ணெய் இருக்கிறது. சலவைத் தொழிலாளர்கள் துணியில் அழியாக் குறியிடப் பயன்படுத்திய சேராங்கொட்டையும் முந்திரியின் குடும்பத்தைச் சேர்ந்ததுதான் என்று அறிந்தபோது எனக்கு எல்லாம் விளங்கியது. ஆண்டுக்கணக்கில் துவைத்தாலும் போகாத குறி என்றால், அதுவே ஒரு வாட்டர்புரூஃப் சோதனை அல்லவா?

முந்திரி ஓட்டு எண்ணெயைச் சூடாக்கினால் அதிலுள்ள அனகார்டிக் அமிலம் கரியமில வாயுவை விட்டுவிட்டுக் கார்டனால் ஆகிறது. ஃபீனால் வளையத்தில் பதினைந்து கார்பன் நீளமுள்ள வால் தொங்கும் மூலக்கூறு அது. அந்த வால்தான் நீரை விரட்டுகிறது. கார்டனாலிலிருந்து செய்யப்படும் ஃபீனால்கமைன் என்ற கடினமாக்கிகள், பிசினையும் கடினமாக்கியையும் கலந்து பூசும் எபாக்சிப் பூச்சை ஈரமான பரப்பிலும் குளிரிலும்கூட இறுகச் செய்வதால், கப்பல்களுக்கான பூச்சுகளில் நெடுங்காலமாகப் பயன்படுகின்றன. என் சதுரத்தில் இருப்பதும் அவ்வகைப் பூச்சுதான்.

ஆனால் இதை முழுத் தாவரப் பூச்சு என்று விற்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ஃபீனால்கமைன் செய்ய ஃபார்மால்டிஹைடும் அமீன்களும் தேவை. எபாக்சி பிசினும் பெரும்பாலும் பெட்ரோலிய வழியில் வருவதே. அதேபோல் சுண்ணாம்பையும் புனிதமாக்க வேண்டாம். 100 கிலோ தூய சுண்ணாம்புக்கல்லைச் சுட்டால் 56 கிலோ சுண்ணாம்பும் 44 கிலோ கரியமில வாயுவும் வரும்; விறகோ நிலக்கரியோ எரிந்த புகை தனி. இறுகும்போது அதில் ஒரு பகுதியைக் காரை திரும்ப ஏற்கிறது என்பது உண்மைதான், ஆனால் முழுவதையும் அல்ல.

மூன்று நாட்கள் நீர் தேக்கியதில் கீழே படுக்கையறை விதானத்தில் முதல் சதுரத்துக்கு நேரே மட்டும் ஈரம் தெரிந்தது. இரண்டாவதும் மூன்றாவதும் தாங்கின. எனினும் மூன்றாவதன் வெயில் படும் ஓரம் ஏற்கெனவே பழுப்பேறி மங்கியிருக்கிறது, இதோ பாருங்கள். எபாக்சிக்கு வெயில் ஆகாது, மேலே தட்டோடு பதித்திருக்க வேண்டும். கைப்பிடிச் சுவர் சேரும் மூலையில் கான்கிரீட்டே விரிசல் விட்டிருப்பதை எந்த எண்ணெயாலும் மறைக்க முடியாது. அதைக் கொத்தி, உள்ளே கம்பி துருப்பிடித்திருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் பூச்சு. வரும் வாரம் அந்த மூலையைத் திறக்கிறேன். இரண்டாவது சதுரத்தின் கலவையை வடகிழக்குப் பருவமழைக்கு முன் மாடியின் தென்பகுதி முழுவதும் போட்டு, தட்டோடு பதித்துவிட்டு, தை மாதத்தில் இதே இடத்திலிருந்து விதானத்தைக் காட்டுகிறேன்.